விருந்து மேசையில் வான்கோழி: ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் நாள்தோறும் உண்ணும் உணவு அவர்தம் பொருளாதாரத்தை உணர்த்தும். பண்டிகை நாளில் உண்ணும் உணவோ தம்மைப் பற்றி அவர்கள் கொண்டுள்ள எண்ணத்தை உணர்த்தும். ஐக்கிய அமெரிக்காவிலே நவெம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. தூர இடங்களிலுள்ள பிள்ளைகளும் அன்று பெற்றோரில்லம் திரும்புவர். போறணையிலே முழுதாக வேகவைக்கப்பட்ட வான்கோழியொன்று மேசையின் நடுவிடத்தைப் பெறும். அந்த ஒரு நாளுக்காக 4 கோடிக்கு மேற்பட்ட பறவைகள் கொல்லப்படுகின்றன என அத்தொழிற்றுறையினர் மதிப்பிடுவர்.

இப்பறவைக்கு இவ்விடம் எவ்வாறு கிடைத்தது? அதற்கு அது உரித்துடையதா? இவ்வினாக்கள் முதலில் விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு சமுதாயம் தன் பழைமையை எவ்வாறு ஆக்கிக்கொள்கின்றது, அவ்வாறு ஆக்கும்போது எதை மறக்கின்றது என்னும் பெரிய வினா இவற்றினுள் அடங்கியிருக்கின்றது. வான்கோழியின் சார்பிலே வழக்கமாக மூன்று உரிமைகள் எடுத்துக் கூறப்படும். முதல் விருந்திலேயே அது இடம்பெற்றது என்பது ஒன்று. அந்த மண்ணுக்கே உரிய பறவை என்பது மற்றொன்று. பெருங்குடும்பத்துக்கு ஏற்ற உணவு என்பது மூன்றாவது. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பழைமையுரிமை

அமெரிக்கப் பாடசாலைகளிலே நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட கதை யாவரும் அறிந்ததே. 1620ஆம் ஆண்டு 'மேபிளவர்' என்னுங் கப்பலில் 102 பேர் வந்து இன்றைய மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள பிளிமத் என்னுமிடத்திற் குடியேறினர். முதல் மாரியிலேயே அவர்களுட் பாதியளவினர் மாண்டனர். எஞ்சியோர் அவ்விடத்துப் பழங்குடி மக்களின் துணையுடன் சோளம் பயிரிட்டு, 1621ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அறுவடை விருந்தொன்றை நடாத்தினர். இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து வான்கோழி உண்டனர் என்பது கதை.

இவ்விருந்தைப் பற்றி நேரிற் கண்டோர் எழுதியவையாக நமக்குக் கிடைப்பவை மிகச் சிலவே. எட்வேர்ட் வின்சிலோ என்பார் 1621 டிசெம்பரில் எழுதிய கடிதமொன்று அடுத்த ஆண்டு இலண்டனில் அச்சேறியது. ஆளுநர் நால்வரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார் என்றும், அவர்கள் ஒரே நாளிற் கொணர்ந்த பறவைகள் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் போதுமாயிருந்தன என்றும், மசசொயிற் என்னுந் தலைவர் தம் மக்கள் தொண்ணூறு பேருடன் வந்து மூன்று நாள் தங்கினார் என்றும், அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தனர் என்றும் அதிற் கூறப்படுகின்றது. வான்கோழி என்ற சொல் விருந்து பற்றிய அப்பகுதியில் இல்லை. அக்காலத்தில் நீர்நிலைகளை நாடி வரும் வாத்துக்களும் தாராக்களும் வேட்டையில் அகப்பட்டிருத்தல் கூடும். ஆளுநர் வில்லியம் பிரட்போர்ட் எழுதிய வரலாற்றிலே, அந்த இலையுதிர் காலத்திற் காட்டு வான்கோழிகள் மிகுதியாகக் கிடைத்தன என்ற குறிப்புண்டு. ஆனால் அவர் விருந்தையே குறிப்பிடவில்லை. ஆக, வான்கோழி அங்கு உண்ணப்பட்டிருக்கலாம் என்று மட்டுமே சான்றுகளைக் கொண்டு கூறமுடியும். ஐயத்துக்கிடமின்றிச் சான்றுள்ள இறைச்சி மான் இறைச்சியே. அதனைக் கொணர்ந்தோரும் விருந்தினராக வந்த பழங்குடி மக்களே.

வின்சிலோவின் கடிதம் இருநூறாண்டுக் காலம் பொதுமக்களின் கவனத்தைப் பெறாது கிடந்தது. 1841ஆம் ஆண்டு அலெக்சாந்தர் யங் என்பார் அதனை மீளப் பதிப்பித்தபோது, அடிக்குறிப்பொன்றில் இதுவே முதலாவது நன்றி நவிலல் என்று எழுதினார். பிரட்போர்டின் கையெழுத்துப் பிரதியோ காணாமற்போய், 1855இல் இலண்டன் புல்காம் மாளிகை நூலகத்திற் கண்டறியப்பட்டு, 1856இலேயே முழுமையாக அச்சில் வந்தது.

இதற்கு முன்னரே, 1827ஆம் ஆண்டில், சாறா ஜோசெப்பா ஹேல் என்னும் பெண் எழுத்தாளர் 'நோத்வூட்' என்ற நாவலை வெளியிட்டார். நியூ இங்கிலாந்துப் பகுதிக் குடியானவர் வீட்டு நன்றி நவிலல் விருந்தொன்று அதில் விரிவாக வருணிக்கப்படுகின்றது. மேசையின் தலைமையிடத்தில் வான்கோழி வீற்றிருக்கின்றது. 1621ஆம் ஆண்டு விருந்து முதலாவது நன்றி நவிலலாகப் பெயர் சூட்டப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னரே வான்கோழி மேசைக்கு வந்துவிட்டது. எனவே, பிளிமத் கதை வான்கோழியைக் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே மேசையிலிருந்த பறவைக்குக் கதை பின்னர் வந்து சேர்ந்தது.

ஹேல் அம்மையார் பின்னர் பெண்களுக்கான சஞ்சிகையொன்றின் ஆசிரியராகப் பணியாற்றி, நாடு முழுவதும் ஒரே நாளில் இவ்விழாவைக் கொண்டாடவேண்டுமென ஆண்டுதோறும் எழுதிவந்தார். 1863 செத்தெம்பர் 28ஆம் நாள் ஜனாதிபதி லிங்கனுக்கும் கடிதம் எழுதினார். ஒக்தோபர் 3ஆம் நாள் லிங்கனின் பிரகடனம் வெளிவந்தது. உள்நாட்டுப் போரின் நடுவே வெளியான அப்பிரகடனத்திற் பிளிமத் குடியேறிகளும் இல்லை, வான்கோழியும் இல்லை. பிளவுண்ட நாட்டை ஒரு நாளிலாவது ஒன்றுகூட்டுதலே அதன் உட்கிடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் பெருந்தொகையாக வந்து குடியேறியபோது, அவர்தம் பிள்ளைகளை அமெரிக்கராக்கும் பணி பாடசாலைகளைச் சார்ந்தது. பிளிமத் கதை அப்பணிக்கு வாய்ப்பான பாடமாயிற்று. 1914இல் ஜெனி பிறவுன்ஸ்கோம்ப் வரைந்த 'பிளிமத்தில் முதலாவது நன்றி நவிலல்' என்னும் ஓவியத்திலே, கிழக்குக் கரையோரப் பழங்குடியினர் நாட்டின் நடுச் சமவெளியிலே வாழ்ந்தோரின் இறகு முடிகளைத் தரித்துக் காட்சியளிக்கின்றனர். 1943இல் வெளியான நோர்மன் றொக்வெல்லின் ஓவியத்தில் மூதாட்டி ஒருத்தி பெரிய வான்கோழியை மேசையில் வைக்கிறாள். கதைக்குக் கண்ணாற் காணத்தக்க உருவம் இவ்வாறு கிடைத்தது.

எரிக் ஹொப்ஸ்போமும் ரெறன்ஸ் றேஞ்சரும் 1983இற் பதிப்பித்த நூலொன்று, தொன்மையானவை எனக் கருதப்படும் மரபுகள் பல அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்டவையே என்பதை நிறுவியது. வான்கோழியின் பழைமையுரிமையும் அவ்வகையினதே.

2. மண்ணுரிமை

இரண்டாவது உரிமை சற்று வலுவானது. வான்கோழி உண்மையிலேயே அமெரிக்கக் கண்டத்துக்குரிய பறவை. மெக்சிக்கோவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் அதனைப் பழக்கி வளர்த்தனர். இன்றைய ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலே புவெப்லோ மக்களின் முன்னோரும் தனியாக அதனைப் பழக்கினர். அவர்கள் தொடக்கத்தில் உணவைக் காட்டிலும் இறகுக்காகவே அதனைப் போற்றினர்; இறகுகளை நாரோடு சேர்த்து முறுக்கிக் குளிருக்கான போர்வைகள் செய்தனர்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் மெக்சிக்கோவின் வளர்ப்புப் பறவையை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அது புதுமை காரணமாக விரைவிற் பரவியது. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதில் எவருக்கும் தெளிவில்லை. ஆங்கிலேயர் அதனைத் துருக்கியின் பெயராலே வழங்கினர். துருக்கியரோ அதனை 'ஹிந்தி' என்றனர். பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்த கோழி என்னும் பொருளிற் பெயரிட்டனர். போர்த்துக்கேயர் 'பெரு' என்றனர். ஒல்லாந்தர் கேரளத்துக் கோழிக்கோட்டின் பெயரால் 'கல்கூன்' என்றனர். மலாய் மொழியில் அது 'ஒல்லாந்தக் கோழி' என்றே பெயர்பெற்றது. ஒவ்வொருவரும் அதனை வேறொருவர் நாட்டுக்கு உரியதாக்கினர். அதனைப் பழக்கிய மெக்சிக்கோ மக்களின் சொல் மட்டும் ஐரோப்பிய மொழிகளுட் பெரும்பாலானவற்றில் இடம்பெறவில்லை.

இப்பெயர்க் குழப்பத்தின் அலை நம் நாட்டையும் தொட்டுச் சென்றுள்ளது. சிங்கள மொழியில் வழங்கும் 'களுக்குமா' என்னுஞ் சொல் ஒல்லாந்தரின் 'கல்கூன்' என்பதன் திரிபாகும். தமிழிலோ நிலைமை வேறு. ஒளவையார் பெயரால் வழங்கும் மூதுரையில், மயிலாடக் கண்டு தானும் ஆட முற்பட்ட வான்கோழி உவமையாக வருகின்றது. சிறுபராயத்தில் அதனை மனனஞ் செய்த நாம் யாவரும் இந்த அமெரிக்கப் பறவையையே மனக்கண்ணிற் கண்டோம். ஆனால் மூதுரை பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாயின் அது இப்பறவையாதல் இயலாது. வேறொரு பறவையின் பெயரே பின்னர் புதிய பறவைக்கு ஆகியிருத்தல் வேண்டும். இந்திய உபகண்டத்தில் இப்பறவையின் வருகைக்குக் காலம் குறிக்கத்தக்க சான்றொன்று 1612ஆம் ஆண்டைச் சார்ந்தது. கோவாவிலிருந்து கொணரப்பட்ட வான்கோழியைக் கண்டு வியந்த முகலாயப் பேரரசர் ஜகாங்கீர், அதன் தோற்றத்தைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியதோடு ஓவியர் மன்சூரைக் கொண்டு அதனை வரைவித்தும் வைத்தார்.

இங்கிலாந்தில் வான்கோழி விரைவிலேயே நத்தார் விருந்துக்குரியதாயிற்று. தோமஸ் தசர் 1573இல் வெளியிட்ட வேளாண்மை நூலிலே நத்தார் உணவுகளுள் ஒன்றாக அது சொல்லப்படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோபோக், சபோக் பகுதிகளிலிருந்து இலண்டன் நோக்கி வான்கோழிகள் மந்தை மந்தையாக நடத்திச் செல்லப்பட்டன. ஒரு பருவத்தில் ஒரு பாலத்தை மட்டும் 300 மந்தைகள் கடந்தன என்றும், மந்தைக்கு 500 எனக் கொள்ளின் 1,50,000 பறவைகளாகும் என்றும் டானியல் டீபோ கணக்கிட்டார். எனினும் ஏழைகளின் நத்தார் விருந்து வாத்தாகவே இருந்தது. சாள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய நத்தார் கதையில் ஏழைக் குடும்பம் உண்பது வாத்து. மனந்திருந்திய செல்வர் அனுப்புவது வான்கோழி. செல்வத்தின் அடையாளமாக அது அங்கு விளங்கிற்று.

இனி மண்ணுரிமைக்கு மீள்வோம். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் வட அமெரிக்காவுக்கு வந்தபோது தம் வளர்ப்பு வான்கோழிகளையும் கொணர்ந்தனர். ஆகவே இன்று அமெரிக்க மேசையிலுள்ள பறவை, மெக்சிக்கோவிற் பழக்கப்பட்டு, அத்திலாந்திக் கடலை இருமுறை கடந்து, பின்னர் கிழக்குக் காடுகளின் இனத்தோடு கலந்து உருவானது. அதேவேளை காட்டு வான்கோழிக்கு நேர்ந்ததென்ன? காடழிப்பாலும் கட்டற்ற வேட்டையாலும் அது அருகிற்று. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் கடைசிக் காட்டு வான்கோழி 1851இற் கொல்லப்பட்டது. லிங்கன் 1863இல் விழாவைப் பிரகடனஞ் செய்தபோது, பிளிமத் அமைந்த மாநிலத்தின் காடுகளில் ஒரு வான்கோழிதானும் இல்லை. 1972, 1973ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகள் கொணர்ந்து விடப்பட்ட பின்னரே அங்கு அவ்வினம் மீண்டும் பெருகியது. மண்ணின் பறவை என்று போற்றியவர்களே அதனை அம்மண்ணிலிருந்து நீக்கினர் என்பதை மறத்தலாகாது.

3. பயனுரிமை

அங்ஙனமாயின் நியூ இங்கிலாந்துக் குடியானவர் ஏன் இப்பறவையைத் தெரிந்தனர்? விடை வேளாண்மைப் பொருளாதாரத்தில் உள்ளது. வசந்த காலத்திற் பொரித்த குஞ்சு, வயலிலே பூச்சிகளையும் அறுவடையிற் சிந்திய தானியங்களையும் பொறுக்கித் தின்று, இலையுதிர் காலத்தின் இறுதியில் நன்கு கொழுத்துவிடும். மாரியில் தீனியிட்டு வளர்த்தல் செலவு. ஆதலால் கொல்லுதற்கு ஏற்ற பருவமும் அதுவே. கோழி முட்டையிடும், பசு பால் தரும். வான்கோழி அவ்வளவு பயனுடையதன்று. அதனைக் கொல்வதால் வீட்டு வருவாய் குறையாது. பன்றியிறைச்சி உப்பிடப்பட்டு ஆண்டு முழுவதும் உண்ணப்பட்டமையால் பண்டிகைக்குரிய சிறப்பைப் பெறவில்லை. குளிரூட்டும் வசதியற்ற அக்காலத்தில் மாடொன்றைக் கொன்றால் ஒரு குடும்பம் உண்டு முடிக்க இயலாது. ஒரு வான்கோழியோ ஒரு பெருங்குடும்பத்தின் ஒரு வேளை விருந்துக்குச் சரியான அளவினது. குடியானவரின் இந்த எளிய கணக்கே வான்கோழியை மேசைக்குக் கொணர்ந்தது.

மூன்று உரிமைகளுள் இதுவே உண்மையான வரலாற்று அடிப்படை உடையது. ஆயினும் இக்காரணங்களுள் எது இன்று எஞ்சியுள்ளது? பறவை இன்று வயலிலே மேய்வதில்லை. பெரும்பாலும் மூடிய கொட்டில்களிலேயே ஆயிரக்கணக்காக வளர்க்கப்படுகின்றது. 1960இல் அமெரிக்க வளர்ப்பு வான்கோழியின் சராசரி நிறை ஏறத்தாழ 15 இறாத்தல். இன்று அது 30 இறாத்தலுக்கும் மேல். நெஞ்சிறைச்சி பெருகுமாறு தெரிந்து வளர்க்கப்பட்ட வெண்ணிற இனம் இயற்கையாக இணைய இயலாத நிலையை அடைந்துவிட்டது. செயற்கை முறைக் கருவூட்டலாலேயே அது தொடர்ந்து நிலைபெறுகின்றது. குடும்பமோ சிறுத்துவிட்டது. பறவை இருமடங்காகியுள்ளது, அதனைச் சுற்றி அமர்வோர் குறைந்துள்ளனர். பயன் கருதி வந்த மரபு, பயன் மாறிய பின்னரும் தொடருவதற்குக் காரணம், அது பெற்ற கதையே எனலாம்.

4. மேசையில் இல்லாதோர்

இவ்விடத்திலே கதையின் மறுபுறத்தை நோக்குதல் கடமையாகின்றது. பிளிமத் வெறுநிலத்தில் அமைந்ததன்று. அது பற்றுக்செற் என்னும் வம்பனோக் மக்களின் ஊர் இருந்த இடம். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயால் அவ்வூர் அழிந்தது. அவ்வூரவரான திஸ்குவாந்தம் 1614இல் ஆங்கிலேயக் கப்பற்றலைவனொருவனாற் கவர்ந்து செல்லப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டார். 1619இல் மீண்டு வந்தபோது தம்மூரில் ஒருவரும் உயிரோடில்லை. குடியேறிகளுக்குச் சோளம் பயிரிடக் கற்பித்தவர் அவரே. விருந்துக்கு வந்த மசசொயிற்றின் மகன் மெற்றாக்கொம், 1675இல் மூண்ட போரில் ஆங்கிலேயரை எதிர்த்து 1676இற் கொல்லப்பட்டார். அவரது தலை பிளிமத்திலே கழியில் ஏற்றப்பட்டுப் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டது. விருந்துக்கும் இதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகளே.

1970இல், குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிய விருந்தொன்றிற் பேசுமாறு வம்சுற்றா பிராங் ஜேம்ஸ் என்னும் வம்பனோக் தலைவர் அழைக்கப்பட்டார். அவர் எழுதிய உரையை முற்கூட்டியே பார்த்த ஒழுங்கமைப்பாளர் அதனை நிகழ்த்த இடமளிக்கவில்லை. அவ்வாண்டு நன்றி நவிலல் நாளன்று அவரும் அவரைச் சார்ந்தோரும் பிளிமத் குன்றொன்றிற் கூடி அதனைத் துக்க நாளாக அனுட்டித்தனர். அது அன்று முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றது. கதையிலே பழங்குடியினருக்கு மேசையில் இடமுண்டு. மெய்யாக அவர்கள் வந்து பேச முற்பட்டபோது இடமில்லை. இம்முரணே இவ்விழாவின் மெய்யான சிக்கல். வான்கோழி இதற்குப் பொறுப்பன்று. ஆயினும் அதன் பெரிய உருவம் இதனை மறைப்பதற்குப் பயன்பட்டுள்ளது என்பதை மறுத்தல் அரிது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன யாவை? முதல் விருந்தின் எச்சம் என்ற வகையில் வான்கோழிக்கு உரிமை இல்லை. சான்று அதற்குத் துணை நிற்கவில்லை. குடும்பப் பொருளாதாரத்தின் வழி அதற்கு ஒருகாலத்தில் உரிமை இருந்தது. இன்று அது பெரிதும் தேய்ந்துவிட்டது. மண்ணுரிமையே எஞ்சுவது. அதுவும் குடியேறிகளின் வழியாக வரும் உரிமையன்று. அப்பறவையைப் பழக்கிய மெக்சிக்கோ மக்களும், அதன் இறகாற் போர்வை செய்த புவெப்லோ முன்னோரும் விட்டுச்சென்ற கொடை அது. அமெரிக்க விருந்து மேசையிலே பழங்குடி மக்களின் அறிவுக்கும் உழைப்புக்கும் கண்கூடான சான்றாக நிற்பவற்றுள் வான்கோழியும் ஒன்று. அக்காரணத்துக்காக அது அங்கிருக்கலாம் என்பதே எனது முடிபு. ஆனால் மேசையில் அமர்வோர் அக்காரணத்தை அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடின், 1621இல் மான்களைக் கொணர்ந்த அந்தத் தொண்ணூறு பேரும் ஒவ்வோராண்டும் மீண்டும் ஒருமுறை மறக்கப்படுகின்றனர்.

ஒரு மரபு பிற்காலத்தது என நிறுவுவதால் அது பொய்யாகிவிடாது. குடும்பத்தார் ஆண்டுக்கொருமுறை கூடி உண்பதில் உள்ள அன்பு மெய்யானதே. மரபைக் கைவிடுமாறு வரலாற்று மாணவன் எவரையும் கோருவதில்லை. அதனைச் சொல்லும்போது முழுவதையும் சொல்லுமாறே அவன் கோருகின்றான். தம் பழைமையைப் பெருமையோடு பேசும் எந்தச் சமுதாயத்துக்கும் இது பொருந்தும். நம் சொந்த விழாக்களையும் விருந்துகளையும் இவ்வாறு வினவத் துணியும்போதுதான் பிறர் மரபை ஆராயும் தகுதி நமக்கும் உண்டாகும்.